வைத்தியர் வீட்டில் கிடைத்த தேர்தல் கணக்கு

தமிழ்நாட்டின் அன்றைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் ஒரு எம்.பி.பி.எஸ். வைத்தியர். 2017 ஏப்ரல் 7ஆம் திகதி அவர் வீட்டில் வருமான வரி அதிகாரிகள் சோதனையிட்டார்கள். சென்னை ஆர்.கே. நகர் வாக்காளர்களுக்குப் பங்கிட 89 கோடி இந்திய ரூபாய் என்ற கணக்குக் குறிப்பு சிக்கியதாகச் செய்தி வந்தது, அவர் மறுத்தார். 12ஆம் திகதி நடக்கவிருந்த இடைத்தேர்தலையே ஆணைக்குழு இரத்துச் செய்தது. டிசம்பரில்தான் மீண்டும் நடந்தது.

"இங்கே செலவுக்கு வரம்பு இருக்குத்தானே சேர்?" என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி, 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய். ஆனால் வேட்பாளர் கணக்கு ஒப்படைப்பது முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள். நாளை ஒரு வைத்தியர் கொட்டாஞ்சேனையில் இலவச மருத்துவ முகாம் நடத்தி வாக்குக் கேட்டால், காசு யாருடையது என்று வாக்களிக்க முன் நாம் எப்படி அறிவது? நன்கொடையாளர் பெயர்கள் முன்கூட்டியே வெளிவர வேண்டும் என்றே கேட்கிறேன்.