கண்ணாடிக்குள் கடல் – 9: புதுப் பவளத்தின் முதல் வாரங்கள்

கல் பவளம் பார்வைக்குச் செடியாகவும் தொட்டால் கல்லாகவும் தோன்றினாலும், பாலிப் எனப்படும் மெல்லுடல் விலங்குகள், பெரும்பாலும் நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று திசுவால் இணைந்து, கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டு தமக்கடியில் எழுப்பிக்கொள்ளும் சுண்ணக் குடியிருப்பே அது. அவ்விலங்கின் திசுவுக்குள், ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் என்ற அளவில், சூசாந்தெல்லா எனப்படும் ஒற்றைச்செல் பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியைக் கொண்டு ஆக்கும் சர்க்கரையும் கொழுப்பும் பவளத்தின் ஆற்றல் தேவையில் பெரும்பங்கை, சில இனங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலாக, நிறைவு செய்கின்றன. ஆகவே தொட்டிக்கு வந்து சேர்வது விலங்கும் பாசியுமாகிய இரண்டு உயிர்கள் என்பதையும், பயணத்தின் அதிர்ச்சியில் அவற்றுக்கு இடையிலான உறவே முதலில் தளர்கிறது என்பதையும் மனத்தில் இருத்தினால், முதல் வாரங்களில் செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும் தாமே விளங்கும்.

வாங்கப்படும் துண்டு எங்கே வளர்ந்தது என்பதே முதற்கேள்வி. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிர்ப்பாறை எனப்படும் கடற்பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் நம்பித் தொட்டியில் பவளங்களை வாழவைக்கும் முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார்; பின்னர் 1980-களில் பெர்லினைச் சேர்ந்த டீட்ரிச் ஸ்டூபர், தம் தொட்டியில் வளர்ந்த அக்ரோபோரா என்னும் கிளைப்பவளத்தை ஒடித்துப் பிறருக்கு வழங்கினார். முருங்கைப் போத்து மரமாவதுபோல ஒடித்த கிளை தனிப் பவளமாக வளர்வதால், இன்று தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே வளர்ந்த துண்டுகள் கிடைக்கின்றன. தொட்டி நீருக்கும் செயற்கை ஒளிக்கும் முன்பே பழகிவிட்ட அவை, கடலிலிருந்து நேரே வந்தவற்றைவிட எளிதில் நிலைகொள்கின்றன.

இந்தியாவில், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001-இல் சேர்க்கப்பட்டன. ஆதலால் மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம். சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்குமாகப் பல்லாண்டுகள் பவளம் வெட்டப்பட்ட அவ்வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கியதை அறிந்தவர் எவரும் இதை மிகையான கண்டிப்பு என்று கருதமாட்டார். இங்குக் கூறப்படுவன, சட்டம் இசைவளிக்கும் நாடுகளில், தொட்டியில் வளர்ந்த துண்டுகளைப் பேணுவோருக்கே பொருந்தும்.

பை வந்ததும் அதைத் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலையை ஒன்றாக்குவது போதுமானது. மணிக்கணக்கில் சொட்டுச்சொட்டாக நீர் சேர்க்கும் வழக்கம் பவளத்துக்கு நன்மையைவிடத் தீமையே மிகுதியாகச் செய்யக்கூடும். மூடிய பையில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு நீரின் அமிலத்தன்மையைக் கூட்டி, கழிவாக வெளிவந்த அம்மோனியாவைத் தீங்கு குறைந்த அம்மோனியம் வடிவில் வைத்திருக்கும். பை திறக்கப்பட்டதும் அவ்வாயு வெளியேற, அம்மோனியா மீண்டும் நச்சு வடிவத்தை அடைகிறது. அந்த நீரிலேயே பவளத்தை நெடுநேரம் வைத்திருப்பதில் பயனில்லை; வாளி நீர் குளிர்ந்துபோவதும் கூடுதல் இடர். உப்புத்தன்மையின் வேறுபாடு பெரிதாக இருந்தால் மட்டும் சிறிது படிப்படியாகச் சமன்செய்வது தகும்.

அடுத்தது மருந்துக் குளியல். அக்ரோபோராவின் கொடும்பகை, 2011-இல் அறிவியல் பெயர் பெற்ற ஒரு தட்டைப்புழு; அது தின்ற பவளத்தின் நிறத்தையே தன் உடலில் ஏற்றுக்கொள்வதால், ஒட்டியிருக்கும் இடத்தில் கண்ணுக்குப் புலப்படாது, வெளிறிய வட்டவட்டமான கடித்தடங்களே அதைக் காட்டிக்கொடுக்கும். அயோடின் முதலியன கலந்த குளியலில் புழு உதிர்ந்துவிடும். ஆனால் திசு இல்லாத அடிப்பகுதியில் அது இட்ட முட்டைகளைக் குளியல் தொடுவதே இல்லை. எனவே துண்டு ஒட்டப்பட்டு வந்த வட்டக் கல்லை உடைத்தெறிந்து, அடியில் திசு அற்ற பகுதியைக் கத்தரித்துவிட்டு, புதிய கல்லில் சயனோஅக்ரிலேட் பசையால் ஒட்டி, தனித்தொட்டியில் சில வாரங்கள் வைத்து வாரந்தோறும் குளியலைத் திரும்பச் செய்வதே நம்பத்தக்க வழி. இதைத் தவிர்க்கும் ஆசை எவருக்கும் எழும். ஆயினும் ஒரு துண்டோடு நுழையும் முட்டைகள், பல ஆண்டுகள் வளர்ந்த மற்ற அக்ரோபோராக்கள் அனைத்தையும் அழித்துவிட வல்லவை.

ஒளியைப் பற்றியே விரிவாகக் கூற வேண்டும், ஏனெனில் புதுப் பவளங்கள் பல, நல்லெண்ணத்தோடு ஊட்டப்பட்ட மிகை ஒளியாலேயே மடிகின்றன. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் நண்பகலில், ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி ஒரு சதுர மீட்டருக்கு நொடியில் ஏறத்தாழ 2000 மைக்ரோமோல் விழுகிறது. தொட்டியில் அக்ரோபோராவுக்கு 250 முதல் 350 வரையும், யூஃபிலியா போன்ற சதைப்பற்றுள்ள பெரும்பாலிப் பவளங்களுக்கு 100-ஐ ஒட்டியும் போதும் என்பது வளர்ப்போரின் பட்டறிவு. ஆனால் இருண்ட பெட்டியில் ஒரு நாளோ இரண்டு நாளோ கிடந்து வந்த துண்டுக்கு இந்த அளவும் மிகை. பாசி பயன்படுத்த இயலாத ஆற்றல், ஆக்சிஜனைத் தீவிரமாக வினைபுரியும் வடிவங்களாக மாற்றி இரு உயிர்களின் செல்களையும் சிதைக்க, பவளம் தன் பாசியை வெளியேற்றிவிடுகிறது. கடல் வெப்பமாகும்போது பாறைத்தொடர்கள் முழுவதும் வெளிறுவதன் அடிப்படையும் இத்தகைய சிதைவே. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சி கொடுப்பதுபோல, இறுதியில் தர எண்ணிய ஒளியின் பாதியிலோ அதற்கும் குறைவிலோ தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல உயர்த்த வேண்டும், எல்.இ.டி. விளக்கைக் குறைக்க முடியாதபோது துண்டைத் தொட்டியின் அடித்தளத்தில் வைத்துப் படிப்படியாக மேலேற்றலாம்.

இக்காலத்தில் துண்டு பழுப்பு நிறமடைந்தால் கலங்க வேண்டுவதில்லை, குறைந்த ஒளியில் பாசிகள் தம் நிறமிகளைப் பெருக்கிக்கொள்வதன் அடையாளம் அது. வெண்மையே எச்சரிக்கை, அதிலும் இரு வகை உண்டு: நிறமற்ற கண்ணாடித்தோல்போலத் திசு எஞ்சியிருந்து பாலிப்புகள் இன்னும் நீண்டு சுருங்கினால் அது வெளிறல், ஒளியைக் குறைத்து இரவில் நுண்ணிரை ஊட்டினால் மீளக்கூடும், திசுவே உரிந்து வெறும் எலும்பு தெரிந்தால் அது திசுச்சிதைவு, சில மணிநேரத்தில் முழுத்துண்டையும் கொள்ளை கொள்ளக்கூடியது, ஆகவே நலமாக உள்ள நுனியைத் தாமதமின்றி ஒடித்து வேறிடத்தில் வைப்பதைத் தவிர வழியில்லை.

நீரைப் பொறுத்தவரை, உயர்ந்த எண்ணைவிட மாறாத எண்ணே சிறந்தது. காரத்தன்மை என்பது அமிலத்தை எதிர்க்கும் ஆற்றலின் அளவு. எலும்பு கட்டுவதற்கான பைகார்பனேட்டின் இருப்பை அது காட்டுகிறது. இயற்கைக் கடல்நீரில் அது டிகேஎச் அளவையில் ஏறத்தாழ 7. தொட்டியில் 7 முதல் 9 வரை எதுவாயினும் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிற்க வேண்டும். கால்சியம் 420 பி.பி.எம். அளவிலும், மக்னீசியம் 1300 அளவிலும், வெப்பநிலை 25 அல்லது 26 பாகையிலும் இருந்தால் அவற்றைத் திருத்த முனைவது தேவையற்றது. புதுத் துண்டுகளை அயலாரிடமிருந்து தள்ளி வைப்பதும் இன்றியமையாதது. கலாக்ஸியா போன்றவை இரவில் நீண்ட கொட்டும் இழைகளை வீசி, ஒரு சாண் தொலைவில் உள்ள பவளத்தையும் சுட்டுவிடும்.

துண்டு நிலைகொண்டதற்கு விரிந்த பாலிப்புகளைவிட உறுதியான சான்று அதன் அடியில் தெரியும்: திசு பசையின் மேல் மெல்லிய ஓரமாகப் படர்ந்து, கல்லைப் பற்றத் தொடங்கும். அதே நாட்களில், நெடுநாளாக 8-இல் நின்ற காரத்தன்மை வேறு எதுவும் மாறாமலே நாளுக்கு நாள் சிறிது குறைந்து வந்தால், அந்தக் குறைவு துண்டின் எலும்புக்குள் சென்றுகொண்டிருக்கிறது. சுண்ணாம்புத் தெளிநீரை இரவில் சொட்டுச்சொட்டாகச் சேர்ப்பவர்கள் அதன் அளவை அன்றிலிருந்து சற்றே கூட்ட வேண்டியிருக்கும்.