சக்கர நாற்காலி டிரையத்லானும் ஒரு விநாடியும்

750 மீட்டர் நீச்சல், கைகளால் சுழற்றி ஓட்டும் வண்டியில் 20 கிலோமீட்டர், பந்தயச் சக்கர நாற்காலியில் 5 கிலோமீட்டர்: இம்மூன்றையும் இடைவிடாது முடிப்பதே மாற்றுத் திறனாளிகளுக்கான டிரையத்லானில் சக்கர நாற்காலிப் பிரிவாகும்.

ஆஸ்திரேலியாவின் லாரன் பார்க்கர் முன்னரே தொழில்முறை டிரையத்லான் வீராங்கனை. 2017 ஏப்ரலில், மிதிவண்டிப் பயிற்சியின்போது டயர்கள் வெடித்து நேர்ந்த விபத்தில் அவர் கால்களின் இயக்கத்தை இழந்தார். ஓராண்டுக்குப் பின், 2018 காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலம் பெற்றார். 2019இல் உலகப் பட்டத்தை வென்றார்.

இப்பிரிவில் அனைவருடைய ஊனமும் ஒரே அளவினதன்று. ஆகவே போட்டியாளர் இரு உட்பிரிவுகளாக வகுக்கப்படுகின்றனர். ஊனம் மிகுந்தோர் முதலில் புறப்படுவர்; மற்றோர் சில நிமிடங்கள் கழித்தே புறப்படுவர். எல்லைக்கோட்டை முதலில் கடப்பவருக்கே வெற்றி. இந்த இடைவெளி ஆளுக்கு ஆள் கணிக்கப்படுவதன்று. உட்பிரிவு முழுமைக்கும் பொதுவானது. 40 சதவீத ஊனம் என்னும் வரம்பைக் கையாளும் நம் அலுவலர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று.

2021 ஆகஸ்டில், டோக்கியோ பாராலிம்பிக்கில், முதலில் புறப்பட்ட பார்க்கரை, பின்னர் புறப்பட்ட அமெரிக்காவின் கெண்டல் கிரெட்ச் இறுதி மீட்டர்களில் முந்தினார். வேறுபாடு ஒரே விநாடி. இடைவெளி இரண்டு விநாடி கூடியிருப்பின் தங்கம் கைமாறியிருக்கும். விதி தவறென்று இதனால் கூறிவிட முடியாது; எனினும், இத்தகைய கணக்கு எத்துணை நுட்பமாக அமைய வேண்டும் என்பது தெளிவாகிறது.

2024 செப்டம்பரில், சேன் நதி நீரின் தரக்குறைவால் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்ட பாரிஸ் போட்டியில், பார்க்கர் தங்கம் வென்றார். கிரெட்ச் இரண்டாமிடம் பெற்றார். அவ்வாரமே கைவண்டிச் சாலைப் பந்தயத்திலும் தங்கம் பார்க்கருக்கே கிட்டியது.