திரையெழுத்து – 14: பொத்தானின் நடுவில் நிற்காத எழுத்து

எழுத்துரு இறங்கி முடிப்பதற்குள் பக்கம் ஏன் ஒருமுறை துள்ளி அடங்குகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். வரிகளின் வலது ஓரத்தை நேராக்குவது பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காக ஒரு எழுத்துருக் கோப்பைப் பிரித்துப் பார்த்தபோது அதற்குள் நான்கே குறிகள் கொண்ட ஒரு பெயர் கண்ணில் பட்டது. பிறகு வேறெதையும் எழுத மனம் வரவில்லை.

முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வலைத்தளத்தில் ‘நுழைக’ என்று ஒரு பொத்தான். வடிவமைத்தவரின் விண்டோஸ் கணினியில் எழுத்து கச்சிதமாக நடுவில் நிற்கிறது. அதே பக்கத்தை மேக்கில் திறந்தால் சற்று ஏறியிருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் சற்று இறங்கியிருக்கிறது. அவர் மேலே இரண்டு பிக்சல் இடம் கூட்டுகிறார். ஒரு கருவியில் சரியாகிறது, இன்னொன்றில் கெடுகிறது. வாடிக்கையாளர் திட்டுகிறார். அந்தத் திட்டுக்குப் பெரும்பாலும் வடிவமைத்தவர் பொறுப்பே இல்லை.

ஒரு வரியில் எழுத்தை எங்கே நிறுத்துவது என்று உலாவி முடிவுசெய்யும் விதம் எளிது. எழுத்துக்கு ஓர் அடிக்கோடு உண்டு. கோட்டுக்கு மேலே எவ்வளவு இடம் வேண்டும், கீழே எவ்வளவு வேண்டும் என்று எழுத்துருவையே கேட்கிறது. மேலே 16 பிக்சல், கீழே 4 என்று பதில் வந்தால் மொத்தம் 20. வரியின் உயரத்தை நாம் 24 என்று சொல்லியிருந்தால் மிச்சம் 4; அதை மேலே இரண்டு, கீழே இரண்டு என்று பங்கிடுகிறது. ஆக, நடுவில் நிற்பது எழுத்துரு கேட்ட அந்த 20 பிக்சல் பெட்டி. அதன் மையம் அடிக்கோட்டிலிருந்து 6 பிக்சல் மேலே இருக்கிறது. ஆனால் அதில் உட்காரும் ‘ப’ 9 பிக்சல் உயரம்தான் என்றால் அதன் மையம் நாலரை. எழுத்து ஒன்றரை பிக்சல் தாழ்ந்து தெரிகிறது. இன்னொரு எழுத்துரு மேலே 15, கீழே 7 என்று கேட்டால் பெட்டியின் மையம் 4-க்கு இறங்கும். அதே ‘ப’ அரை பிக்சல் ஏறி நிற்கும். உலாவி இரண்டு இடத்திலும் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது.

சரி, ஒரே எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டால் தீர்ந்ததா? அப்போதும் தீராது. ‘உன் உயரம் என்ன?’ என்ற கேள்விக்கு ஒவ்வோர் எழுத்துருக் கோப்பும் மூன்று பதில்களை வைத்திருக்கிறது. ‘எச்எச்ஈஏ’ என்ற அட்டவணையில் ஒன்று. மேக் நம்புவது இதை. ‘வின்’ என்று தொடங்கும் பதில் இன்னொன்று. விண்டோஸ் வழக்கமாக இதைப் பார்க்கும். மூன்றாவது ‘டைப்போ’ அளவு. ‘இதையே எடுத்துக்கொள்’ என்று ஒரு குறியைத் தட்டிவிட்டிருந்தால் மட்டுமே விண்டோஸில் அது செல்லுபடியாகும். பின்னிரண்டும் குடியிருக்கும் அட்டவணையின் பெயர்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது: ‘ஓஎஸ்/2’.

கணினியோடு நெடுநாள் பழகியவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 1987-இல் கொண்டுவந்த இயங்குதளம் அது. தனிக்கணினியின் எதிர்காலமே அதுதான் என்று இரு நிறுவனங்களும் நம்பின. 1990-இல் விண்டோஸ் 3.0 எதிர்பாராத அளவுக்கு விற்கவே, மைக்ரோசாஃப்ட் தன் வழியே போனது. ஐபிஎம் மட்டும் விடாமல் வளர்த்து, 2006-இன் முடிவில் ஆதரவை நிறுத்திக்கொண்டது.

அந்தக் கூட்டுறவு உடைவதற்கு முன்னால் எழுத்துரு உலகில் ஒரு போர் நடந்தது. போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருக்களின் உள்வடிவத்தை அடோபி ரகசியமாக வைத்திருந்தது; உரிமத்துக்குப் பணம் கேட்டது. அதற்கு மாற்றாக ஆப்பிள் ‘ட்ரூடைப்’பை உருவாக்கியது. 1989 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த செய்போல்டு மாநாட்டில், பரம எதிரிகளான ஆப்பிளும் மைக்ரோசாஃப்ட்டும் இதில் கைகோத்திருப்பது அறிவிக்கப்பட்டது. அதே மேடையில் பேச வந்த அடோபியின் ஜான் வார்னாக் கண்கலங்கும் நிலைக்குப் போனார் என்று அங்கிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1991-இல் ஆப்பிளின் சிஸ்டம் 7, 1992-இல் விண்டோஸ் 3.1 என ட்ரூடைப் இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தது.

ஆனால் ஆப்பிள் வகுத்த அட்டவணை தன் இயங்குதளங்களுக்குப் போதாது என்று கருதிய மைக்ரோசாஃப்ட், தனக்கென்று ஒன்றைச் சேர்த்தது. ட்ரூடைப்பில் அட்டவணைப் பெயர் எதுவானாலும் நான்கு குறிகள்தான் இருக்க வேண்டும். ஓ, எஸ், சாய்கோடு, இரண்டு: கச்சிதமாக நான்கு! இயங்குதளம் போய்விட்டது, அட்டவணை போகவில்லை. இன்றைய ஓப்பன்டைப் விதிப்படி அது கட்டாயம். நீங்கள் கைபேசியில் படிக்கும் நோட்டோ சான்ஸ் தமிழுக்குள்ளும் அந்தப் பெயர் இருக்கிறது.

ஏரியல் எழுத்துருவையே எடுத்துக்கொள்வோம். அதன் எழுத்துச் சதுரம் 2048 அலகு. முதல் அட்டவணைப்படி மேலே 1854, கீழே 434, வரியிடைவெளி 67, மொத்தம் 2355. அதாவது எழுத்தளவைப் போல 1.15 மடங்கு. டைப்போ அளவிலோ 1491, 431, 307, மொத்தம் 2229. மடங்கு 1.09-க்கும் குறைவு. ஒரே கோப்பு, ஒரே எழுத்து, இரண்டு உயரம்.

இதன் விளைவாக நேர்ந்த ஒரு ஒட்டுவேலையை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்புதான். மேக்கின் டைம்ஸ், ஹெல்வெட்டிகா, கூரியர் மூன்றும் தமக்கென்று குறைவான உயரத்தைச் சொல்லிக்கொள்பவை. வலைப்பக்கங்களோ விண்டோஸின் டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல், கூரியர் நியூ ஆகியவற்றைப் பார்த்து வடிவமைக்கப்பட்டவை. ஆகவே சஃபாரியின் அடித்தளமான வெப்கிட்டை எழுதியவர்கள், இந்த மூன்று பெயர்களில் ஒன்று வந்தால் மேல், கீழ் உயரங்களின் கூட்டுத்தொகையில் 15 சதவீதத்தை மேல் உயரத்தோடு கூட்டிவிடு என்று நிரலிலேயே எழுதிவைத்தார்கள். மூலநிரல் பொதுவில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். குரோமியத்திலும் அந்த வரிகள் தொடர்ந்தன.

தமிழுக்கு இந்தக் குழப்பம் கூடுதலாக வலிக்கிறது. நம் தளங்கள் பலவற்றில் ஆங்கில எழுத்துருவின் பெயர் மட்டும்தான் குறிப்பிட்டிருக்கும். தமிழ் எழுத்து அதில் இல்லாததால் கருவி தன்னிடம் இருப்பதை எடுத்துப் போடுகிறது. பழைய விண்டோஸில் லதா, விண்டோஸ் 8 முதல் நிர்மலா; மேக்கில் தமிழ் சங்கம் அல்லது முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி; ஆண்ட்ராய்டில் நோட்டோ. ஒவ்வொன்றும் கேட்கும் இடம் வேறு. வரியின் உயரத்தை நாம் எண்ணாகச் சொல்லாமல் ‘நார்மல்’ என்று விட்டுவிட்டால், தமிழும் ஆங்கிலமும் கலந்த வரி ஓர் உயரத்திலும் ஆங்கிலம் மட்டும் உள்ள வரி வேறோர் உயரத்திலும் நிற்கும். ஒரே பத்தியில் வரிகள் நெருங்கியும் விலகியும் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

அதைவிடக் கொடுமை புள்ளி காணாமல்போவது. மேல்விலங்கும் புள்ளியும் எழுத்தின் தலைக்கு மேலே போகின்றன. கீழ்விலங்கு அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. தலைப்பை ஒரே வரிக்குள் அடக்க, வரியின் உயரத்தை எழுத்தளவுக்கே இறுக்கி, மிஞ்சுவதை மறைத்துவிடு என்று கட்டளையிடுவது வலைவடிவமைப்பில் வாடிக்கை. ஆங்கிலத்தில் பெரிதாக ஒன்றும் இழப்பில்லை. தமிழில் ‘மக்கள்’ என்பது ‘மககள’ ஆகிவிடுகிறது. ஓலைச்சுவடிகளில் புள்ளி வைப்பது அரிது. குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள். புள்ளியில்லாத அந்த வரிகளைப் படித்துச் சொல் பிரித்துப் பதிப்பிக்க உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். அச்சு வந்து புள்ளியை நிலைநிறுத்தியது. அதைத் திரையில் மறுபடி இழப்பதை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. தளம் அமைப்பவர்கள் தமிழ் எழுத்துருவின் பெயரைத் தெளிவாகச் சொல்லி, கோப்பையும் உடன் அனுப்ப வேண்டும். வரியின் உயரத்தை எண்ணாகத் தர வேண்டும். தமிழுக்கு 1.6-க்குக் குறையக்கூடாது என்பது என் கருத்து. எழுத்துரு செய்பவர்கள் முதல் அட்டவணையையும் டைப்போ அளவையும் ஒன்றாக வைத்து, அந்தக் குறியைத் தட்டிவிட்டு, வின் அளவை மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த எழுத்துகள் வெட்டுப்படாத அளவுக்கு விரிக்க வேண்டும். கூகுள் ஃபான்ட்ஸ் தன்னிடம் வரும் எழுத்துருக்களுக்கு வகுத்திருக்கும் விதியும் ஏறக்குறைய இதுதான்.

இன்னொரு கருவியும் வந்திருக்கிறது. எழுத்துக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடத்தைக் கத்தரித்துவிடும் ‘டெக்ஸ்ட்-பாக்ஸ்-ட்ரிம்’ சஃபாரி 18.2-இலும் குரோம் 133-இலும் இடம்பெற்றது. ஆங்கிலப் பொத்தானுக்கு அருமையான தீர்வு. அது ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரம் எது, சிறிய எழுத்தின் உயரம் எது என்று ஓஎஸ்/2 அட்டவணையில் பார்த்து வெட்டுகிறது. அவ்விரண்டுக்கும் அங்கே கட்டங்கள் உண்டு. ‘ப’வின் உயரத்தை எழுதிவைக்க ஒரு கட்டம் இல்லை. தமிழ் எழுத்துரு செய்பவர்கள் இதைக் கூட்டாக எழுப்ப வேண்டிய நேரம் இது. தரநிலைக் குழுக்களின் விவாதங்கள் எவரும் கலந்துகொள்ளும்படி திறந்தே இருக்கின்றன.

வலது ஓரத்தை நேராக்கும் கதை அடுத்த வாரம். ‘ஒத்துழைக்கவேண்டியவர்களுக்கெல்லாம்’ போன்ற ஒரு சொல் கைபேசியின் குறுகிய வரியில் வந்து விழுந்தால் முந்தைய வரியில் எவ்வளவு பெரிய ஓட்டை விழுகிறது, சொல்லை எங்கே ஒடிப்பது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.