வாங்கத் தெரிந்தவர் வேண்டும்

அரசுப் பள்ளிக்கு இரும்பு பெஞ்ச் வாங்க டெண்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாயின் விட்டம், தகட்டின் கனம், பெயின்ட் நிறம் எல்லாம் ஒரே ஒரு கம்பெனியின் கேட்லாக்கில் உள்ளபடியே இருக்கின்றன. பார்த்ததும் ‘கமிஷன்’ என்றுதான் வாய் சொல்லும். அப்படியும் இருக்கலாம். நேற்றுவரை சம்பளப் பட்டியல் போட்டுவந்த எழுத்தர், கையில் கிடைத்த கேட்லாக்கைப் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம். சந்தை விலை விசாரிக்கவோ, பொருளின் தரத்தை வரையறுக்கவோ அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எப்படியானாலும் நஷ்டம் நமக்குத்தான்: போட்டி குறையும், விலை ஏறும், உள்ளூர்ப் பட்டறைக்காரர் வெளியே நிற்பார்.

அந்த எழுத்தருக்குத் தெரியாவிட்டாலும், டெண்டரில் கலந்துகொள்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை சில:

* அவகாசம்: தமிழ்நாட்டின் ஒப்பந்தப்புள்ளி விதிகள், 2000-இன்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் தர வேண்டும். குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.
* மேல்முறையீடு: டெண்டரை ஏற்கும் அதிகாரியின் ஆணையில் குறையிருந்தால், அது கிடைத்த 10 நாளுக்குள், தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டப்படி அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். நாள் தவறவிடாதீர்கள்.
* காரணம்: மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-இன்படி, நிராகரிக்கப்பட்டவர் கேட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும்.
* பணம்: பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. வைத்தால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. அதே சட்டப்படி அமைந்த வசதியாக்கக் குழுவிடம் முறையிடலாம்.

இவை நோய்க்கு மருந்து. நோய் வராமலிருக்க, கொள்முதலைத் தனித் தொழிலாக அரசு மதிக்க வேண்டும். மத்திய அரசு அதிகாரிகளுக்கு ஃபரீதாபாத்தில் உள்ள அருண் ஜேட்லி தேசிய நிதி மேலாண்மை நிறுவனம் கொள்முதல் பயிற்சி தருகிறது. மாவட்ட அலுவலகத்தின் கொள்முதல் பிரிவு வரை அப்படி ஒரு பயிற்சி இறங்கிவர வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் ஓய்வுபெறுபவர்கள் யார், அவர்கள் இடத்துக்கு யாரைத் தயார்செய்வது என்ற கணக்கு வேண்டும். தொழில் பழகியவரை டெண்டர் நடுவிலேயே இடமாற்றக் கூடாது. தேவையை எழுதுபவரும், விலையை ஒப்பிடுபவரும், வந்த சரக்கைச் சரிபார்ப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது நல்லது.

உங்கள் ஊர் அலுவலகத்தில் நிலைமை என்ன? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள்: ‘கொள்முதல் பிரிவில் எத்தனை பேர், அதில் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர்?’ 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.