தாப்பா ரோடும் தாய்ப்பலகையும்

தாப்பா பட்டணத்தில் இரயில் நிலையம் இல்லை என்பது பேராக் வாசிகள் அறிந்ததே. நிலையம் சில மைல் மேற்கே, தாப்பா ரோட்டில் இருக்கின்றது. அங்கிருந்து தெலுக் ஆன்சன் துறைமுகத்துக்கு 1893ஆம் ஆண்டில் ஓர் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. (அவ்வூர் 1982 முதல் தெலுக் இந்தான் என வழங்கப்படுகின்றது.) பின்னர் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் பெரும்பாதை வந்து சேர, தாப்பா ரோடு ஒரு சந்திப்பாயிற்று. எத்திசையிலிருந்து எத்தனை வண்டிச் சரக்கு வந்தாலும், இரயிலில் துறைமுகம் செல்ல ஒற்றைத் தண்டவாளம் ஒன்றே. என்ஜின் எவ்வளவு வலியதாயினும் தன் முறை வரும்வரை நிற்கத்தான் வேண்டும். அக்கிளைப் பாதை இன்று இல்லை. ஆயினும் அதனை நினைவிற் கொண்டால், நம் மேசைக் கணினிக்குள் நிகழும் ஒரு புதிரை எளிதில் அவிழ்க்கலாம்.

புதிர் இதுதான். கலியாண வீடியோ எடுக்கும் இளைஞர் ஒருவர், வினாடிக்கு 3,500 மெகாபைட் படிக்கவல்ல எஸ்.எஸ்.டி. சேமிப்புத் தட்டுகள் இரண்டை வாங்கி, இரண்டையும் ஒன்றாக இணைத்து ஓட்டுகின்றார் என்று கொள்வோம். 7,000 கிடைக்குமென்பது அவர் கணக்கு. கிடைப்பதோ ஏறக்குறைய 3,500 தான்! தட்டு போலியோ, கடைக்காரர் ஏமாற்றினாரோ என்று அவர் மனம் கலங்கும். இரண்டும் அன்று. காரணம், மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையின் அமைப்பில் இருக்கின்றது.

தாய்ப்பலகையில் உள்ள துளைகளும் பொருத்துவாய்களும் யாவும் மையச் செயலியுடன் நேரே தொடர்பு கொண்டவை அல்ல. செயலியிலிருந்து நேராகப் புறப்படும் தடங்கள் சிலவே. அவற்றுட் பதினாறு, படக்காட்சி அட்டைக்கென்று ஒதுக்கப்படுவது வழக்கம். எஞ்சிய சேமிப்புத் தட்டுகள், யு.எஸ்.பி. வாய்கள், இணையக் கம்பி, ஒலிக்கருவி முதலியன பெரும்பாலும் சிப்செட் என்னும் துணைச் சில்லிற் போய்க் கூடுகின்றன. அச்சில்லிலிருந்து செயலிக்குச் செல்வது ஒரே இணைப்பு. சிப்செட்டைத் தாப்பா ரோடு என்றும், செயலியைத் துறைமுகம் என்றும் கொள்க. இன்டெல் நிறுவனத்தார் 2015இல் வெளியிட்ட இசட்170 முதலிய பலகைகளில் அவ்விணைப்பு நான்கு தடங்களுக்குச் சமமானது; ஏட்டுக் கணக்கில் வினாடிக்கு 3,940 மெகாபைட். அக்காலத்து இன்டெல் மேசைக் கணினிகளில் எம்.2 பொருத்துவாய்கள் பெரும்பாலும் இதன் வழியாகவே சென்றன. ஆகவே ஒரு தட்டே பாதையை ஏறக்குறைய நிரப்பிவிடுகின்றது. இரண்டாவது தட்டு காத்து நிற்கின்றது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. பலர் இதில் தவறுகின்றனர். ஒரு தட்டிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுத்தால் வேகம் பாதியாகும் என்பார்கள். அவ்வாறன்று. ரவாங் - ஈப்போ இரட்டைப் பாதையில் 2010 முதல் மின்சார வண்டிகள் ஓடுவதை நாம் காண்கிறோம். வடக்கே செல்லும் வண்டிக்கும் தெற்கே வரும் வண்டிக்கும் தனித்தனிப் பாதை, ஒன்றையொன்று மறிப்பதில்லை. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் தடமும் அத்தகையதே: போக ஒரு ஜோடிக் கம்பி, வர ஒரு ஜோடி. படியெடுக்கையில் படிக்கும் தரவு மேலேறும், எழுதும் தரவு கீழிறங்கும், நெரிசல் இல்லை. இரு தட்டுகளையும் ஒரே நேரத்தில் படிக்கும்போதுதான் இடர் வருகின்றது. பழைய சாட்டா முறையிலோ தரவு ஒரு சமயத்தில் ஒரு திசையில்தான் செல்லும்; அதன் உச்சம் 600 மெகாபைட்.

இந்தத் தட முறைக்கு முன்னிருந்த நிலை இன்னும் மோசம். 1992இல் வந்த பி.சி.ஐ. முறையில், பொருத்திய அட்டைகள் யாவும் சேர்ந்து 133 மெகாபைட்டைப் பங்கிட்டுக்கொண்டன. 2003இல் எக்ஸ்பிரஸ் முறை வந்தபோது ஒரு தடத்துக்கே ஒரு திசையில் 250 கிடைத்தது. பிறகு தலைமுறைதோறும் ஏறக்குறைய இரட்டித்து, ஐந்தாம் தலைமுறையில் 3,900ஐத் தாண்டிவிட்டது. இதனை வகுத்தோருள் அஜய் பட், வடோதராவிற் கல்வி பயின்ற இந்தியர், யு.எஸ்.பி.யிலும் அவர் பங்கு பெரிது. நம் நாட்டவரும் பின்தங்கவில்லை. சிலாங்கூர் செகிஞ்சானில் பிறந்த புவா கெயின் செங், 2000இல் தைவானில் பைசன் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். தட்டுகளை இயக்கும் சில்லுகளை அந்நிறுவனம் வடிவமைக்கின்றது.

பாதை அகலமாகிவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்கலாம். அகலம் எல்லாப் பலகைக்கும் ஒன்றன்று. 2021 இறுதியில் வந்த இசட்690 பலகையில் நான்காம் தலைமுறைத் தடங்கள் எட்டு. அடுத்துச் சில மாதங்களில் வந்த மலிவு வகையான பி660இல் நான்கே. ஏ.எம்.டி. ரைசன் செயலிகள் 2017 முதலே நான்கு தடங்களைச் சேமிப்புக்கென நேராகத் தருகின்றன. இன்டெல் அதனை 2021இல் பதினோராம் தலைமுறையில்தான் செய்தது.

ஆகவே, பல நூறு வெள்ளி கொடுத்துத் தட்டு வாங்குமுன், பலகையின் கையேட்டைப் புரட்டுவது நலம். எந்த எம்.2 வாய் செயலியோடு நேரே சேர்ந்தது, எது சிப்செட் வழி என்பது அதில் அச்சிட்டிருக்கும். வேகமான தட்டை நேர் வாயிற் செருகுக. சில பலகைகளில் ஓர் எம்.2 வாயை நிரப்பினால் இரண்டொரு சாட்டா வாய்கள் வேலை செய்யாமற் போகும். தட்டு பழுதென்று கடைக்கு ஓட வேண்டாம். நீளமான பொருத்துவாயெல்லாம் பதினாறு தடம் உடையதென்றும் நம்பற்க. உள்ளே நான்கு தடத்துக்கு மட்டும் கம்பி ஓடியிருப்பதும் உண்டு.

கடிதம் எழுதுவோரும் கணக்கு வைப்போரும் இந்நெரிசலை உணரவே மாட்டார்கள். அவர்கள் பலகையை மாற்றுவது வீண் செலவு. நம் வீடியோ இளைஞர் வெளித்தட்டுகளைப் பயன்படுத்துவாராயின், யு.எஸ்.பி. பெட்டிமேல் போட்டிருக்கும் 10 கிகாபிட் என்பதை எட்டால் வகுத்துக்கொள்வாராக. பைட் கணக்கில் அது 1.25 கிகாபைட், நடைமுறையில் ஒன்றை ஒட்டியே கிட்டும். ஒரே கிளைப்பெட்டியில் மூன்று தட்டுகளை மாட்டினால் அந்த ஒன்றையும் மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும்.