கரிசல் சாலையில் ஏசியும் எதிர்க்காற்றும்

அருப்புக்கோட்டையில் இரண்டு விதமான சாலைகள் சந்திக்கின்றன. ஒன்று மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை. அதில் கார்கள் நூறைத் தொட்டபடி போகும். மற்றது கிழக்கே திருச்சுழிக்கும், அதைத் தாண்டி நரிக்குடி, கமுதிப் பக்கமும் போகிற சாலை. வேகத்தடை, குறுக்கே வரும் ஆட்டு மந்தை, ஊருக்கு ஊர் நிற்கும் பஸ் என்று அதில் முள் அறுபதைத் தாண்டுவதே அரிது. கத்திரி வெயில் காலத்தில் இந்த இரண்டு சாலைக்கும் வாடகைக் கார் ஓட்டுநர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணாச்சி, ஏசி போடவா, இல்ல கண்ணாடிய எறக்கிக்கிறீங்களா?"

கேள்விக்குள் காசும் இருக்கிறது. ஏசி போட்டால் ஒரு ரேட், போடாவிட்டால் ஒரு ரேட் என்பது தமிழ்நாட்டு வாடகைக் கார்களில் பழகிப்போன வழக்கம். சொந்தக் கார்க்காரருக்கோ வேறு குழப்பம். கண்ணாடியை இறக்கினால் காற்று பிடித்து இழுக்கும், மைலேஜ் போய்விடும், அதற்கு ஏசியே மேல் என்பார் ஒருவர். ஏசி பெட்ரோலைக் குடித்துவிடும் என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை உண்டு. எது எவ்வளவு என்பதில்தான் விஷயம்.

முதலில் ஏசி. காரின் ஏசிக்கென்று தனி எஞ்சின் கிடையாது. சக்கரத்தைச் சுற்றுகிற அதே எஞ்சின்தான் ஒரு பெல்ட் வழியாகக் கம்ப்ரஸரையும் சுற்றுகிறது. வெயில் கடுமையாக இருந்து கூலிங்கை முழுதாக வைத்தால் அது இரண்டு, மூன்று கிலோவாட் சக்தியைச் சாதாரணமாக உறிஞ்சும். பெரிய எஞ்சினுக்கு இது தெரியாது. நாற்பது குதிரைத்திறன்கூட இல்லாத பழைய மாருதி 800-க்கு இது பத்தில் ஒரு பங்கு. லாரியை முந்தும்போதும் பாலம் ஏறும்போதும் பழைய ஓட்டுநர்களின் கை தன்னால் ஏசி பொத்தானுக்குப் போனது இதனால்தான். இப்போதைய கார்கள் பலவற்றில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் கம்ப்ரஸர் சற்று நேரம் தானே துண்டித்துக்கொள்ளும்.

அடுத்தது காற்று. வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கு ஆகும் விசை, வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். அதற்கான சக்தியோ மும்மடிப் பெருக்கமாக. சாதாரணமான ஒரு சிறிய காருக்குக் கணக்குப் போட்டால், 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைத் தள்ள ஒரு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல் போதும். 100-ல் அதே வேலைக்கு ஒன்பது கிலோவாட் வரை வேண்டும். வேகம் இரட்டித்தால் செலவு எட்டு மடங்கு. கண்ணாடியை இறக்கும்போது காற்று உள்ளே புகுந்து சுழன்று இந்தத் தடையில் பத்து சதவீதம் கூட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், 50-ல் அது 100 வாட்; பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்றின் அளவு. 100-ல் அதுவே 900 வாட். ஏசியோ அங்கேயும் இங்கேயும் ஏறத்தாழ ஒரே அளவு வாங்கிக்கொள்கிறது.

இதைச் சாலையில் ஓட்டியும் ஆய்வுக்கூட உருளைகளின் மேல் ஓட்டியும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ஆம் ஆண்டு மாடல் டொயோட்டா கொரோல்லா ஒன்றையும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் எஸ்யூவி ஒன்றையும் எடுத்து, ஏசியை உச்சத்தில் வைத்தும், ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கியும் ஓட்டிப் பார்த்து 2013-ல் முடிவை வெளியிட்டது. மணிக்கு 64 முதல் 113 கிலோமீட்டர் வரை எந்த வேகத்திலும், இரண்டு வண்டிகளுக்கும் ஏசிதான் அதிக எரிபொருள் கேட்டது. கொரோல்லாவில் 120-ஐ ஒட்டித்தான் இரண்டும் சமமாயின. 129-ல்தான் கண்ணாடி தோற்றது. பெட்டி போன்ற எக்ஸ்புளோரரில் கண்ணாடி தோற்கவே இல்லை. ஏற்கெனவே காற்றோடு மல்லுக்கட்டும் வடிவம் அது. கண்ணாடி திறந்ததால் பெரிதாகக் கெடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"எண்பதுக்கு மேல் போனால் ஏசிதான் லாபம்" என்று நம் ஊரில் சொல்லப்படும் கணக்கு, மித்பஸ்டர்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சி சொன்ன 50 மைல் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஓக் ரிட்ஜின் அளவுகளைப் பார்த்தால், கொளுத்தும் வெயிலில் ஏசியை முழுதாக வைத்து ஓட்டுகிறவருக்கு அந்தக் கோடு இன்னும் வெகு தூரம் தள்ளித்தான் இருக்கிறது. அருப்புக்கோட்டை நான்குவழிச் சாலையில் ஒழுங்காகப் போகிற எந்தக் காரும் அதைத் தொடாது. திருச்சுழிச் சாலையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஆடி மாதம் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. தென்மேற்குப் பருவத்தில் இந்தப் பக்கம் மழை அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை; மேற்கு மலையில் மழையை இறக்கிவிட்டு வறண்டுபோன காற்று மட்டும் வரும். காருக்குத் தரைவேகம் கணக்கில்லை, காற்றின் மீதான வேகம்தான் கணக்கு. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வீசும் மேல்காற்றை எதிர்த்து திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு அறுபதில் திரும்பும் வண்டி, காற்றைப் பொறுத்தவரை தொண்ணூறில் போகிறது. போகும்போது கிடைத்த மைலேஜ் வரும்போது ஏன் கிடைக்கவில்லை என்று மெக்கானிக்கிடம் போவதற்கு முன் இதை யோசிக்கலாம்.

ஆக, பெட்ரோல் கணக்கில் கண்ணாடியே ஜெயிக்கிறது. ஆனால் பெட்ரோல் கணக்கோடு நிறுத்திக்கொள்வது பாதி யோசனை. வெயிலில் உட்கார்ந்திருப்பது உடம்பு.

மனிதத் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே இருக்கும் காற்று பட்டால் சூடு உடம்பைவிட்டுப் போகும். அதற்கு மேலே இருக்கும் காற்று பட்டால் சூடு உடம்புக்குள் வரும். பிறகு குளிர்ச்சி தருவது வியர்வை ஒன்றுதான். காற்று வேகமாகப் பட்டால் வியர்வை சீக்கிரம் ஆவியாகும், அந்த அளவுக்கு லாபம்; ஆனால் காற்று கொண்டுவரும் சூடும் வேகமாக ஏறும். 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் மின்விசிறியைப் பயன்படுத்துங்கள், அதற்கு மேல் அது உடம்பைச் சூடாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓடும் காரின் ஜன்னல் எந்த மின்விசிறியையும்விட வேகமான விசிறி. மே மாதத்தில் மதுரை விமான நிலைய வானிலை நிலையம் 40-ஐத் தாண்டுவது செய்தியாகக்கூட இருப்பதில்லை; அந்த நாட்களில் மதியம் ஒரு மணிக்குக் கரிசல் காட்டைத் தாண்டி வரும் அனல் முகத்தில் அறையும்போது, கண்ணாடியை ஏற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இந்தப் பக்கத்து வெயிலுக்கு இன்னொரு குணம் உண்டு. சென்னையிலோ தூத்துக்குடியிலோ வியர்வை சட்டையை ஒட்டவைக்கும். வியர்க்கிறது என்று தெரியும். திருச்சுழி மதியக் காற்றில் ஈரம் குறைவு, வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். கண்ணாடியை இறக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டியவர் வியர்க்கவே இல்லை என்பார். உண்மையில் உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்திருக்கும். இறங்கும்போது தலைவலியும் எரிச்சலும் வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். அதே வறட்சி ஏசிக்கு ஓர் உதவி. ஈரக்காற்றில் ஏசியின் உழைப்பில் ஒரு பங்கு நீராவியைத் தண்ணீராக்குவதிலேயே போகும். கடற்கரை ஊர்களில் வண்டிக்கு அடியில் அவ்வளவு தண்ணீர் சொட்டுவது அதனால். வறண்ட காற்றில் அந்த வேலை குறைவு, அதே 38 டிகிரியில் இங்கே ஏசி சீக்கிரம் குளிர்விக்கும்.

காலை ஒன்பது மணிக்கு முன்னாலும், பொழுது சாய்ந்த பின்னாலும் நிலைமை வேறு. அப்போது கண்ணாடியை இறக்கித் திருச்சுழிச் சாலையில் போவது சுகமான காரியம், செலவுமில்லை. ஆனாலும் காற்று மட்டுமா உள்ளே வருகிறது? சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் இடங்களைக் கடந்தால் புகை வரும். நரிக்குடி, கமுதிப் பக்கம் மிளகாய் காயவைத்திருக்கும் பருவத்தில் வண்டிக்குள் எல்லோரும் சேர்ந்து தும்ம வேண்டியதுதான். உழுத கரிசலின் மேல் ஆடிக்காற்று வீசினால் புழுதி தனிக்கதை.

பின்கண்ணாடி ஒன்றை மட்டும் இறக்கினால் காதுக்குள் தொம் தொம் என்று ஓர் அதிர்வு கேட்கும். காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் ஒலிப்பதுபோல, காரின் உட்புறம் முழுதும் ஒரு கூடாக அதிர்வதால் வருவது அது. வண்டியில் கோளாறு ஒன்றுமில்லை. முன்கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினால் நின்றுவிடும். காற்றோட்டத்துக்கும் அதுவே நல்லது: முன்னால் ஒரு பக்கம், பின்னால் எதிர்ப்பக்கம் என்று குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சம் திறந்தால் நான்கையும் முழுதாக இறக்குவதைவிடத் தடையும் இரைச்சலும் குறையும்.

திருச்சுழிக்கு வெளியூர்க் கார்கள் வருவது பெரும்பாலும் இரண்டு காரணத்துக்கு. தேவாரம் பாடப்பெற்ற பாண்டிநாட்டுத் தலங்களில் ஒன்றான திருமேனிநாதர் கோயில். 1879-ல் ரமண மகரிஷி பிறந்த வீடு. காரை வெயிலில் விட்டுவிட்டுத் தரிசனம் முடித்துத் திரும்பிக் கதவைத் திறக்கிறவர்களுக்குத்தான் ஏசியைப் பற்றிய மிக முக்கியமான பாடம் காத்திருக்கிறது. நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் வெளியே இருப்பதைவிடச் சராசரியாக 22 டிகிரி ஏறுகிறது என்று 2005-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் அளந்து சொன்னார்கள். அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சற்றுத் திறந்து வைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. "அஞ்சு நிமிஷத்துல வந்துர்றேன்" என்று குழந்தையைக் காருக்குள் விட்டுப் போவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இப்படிச் சூடேறிய காரில் ஏறியதும் கண்ணாடியை ஏற்றி ஏசியை உச்சத்துக்குத் திருப்புவதுதான் பலரின் வழக்கம். பெட்ரோல் மிக அதிகமாகச் செலவாவதும் இந்த முதல் சில நிமிடங்களில்தான். கடும் வெயிலில், அதுவும் குறுகிய பயணங்களில், ஏசியால் மைலேஜ் 25 சதவீதத்துக்கு மேலும் குறையலாம் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி எச்சரிக்கிறது. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு இருபது கிலோமீட்டர்கூட இல்லை. அது குறுகிய பயணம்தான். உள்ளே அறுபது டிகிரிக் காற்று இருக்கும்போது வெளியே இருக்கும் நாற்பது டிகிரிக் காற்றே குளிர்ச்சி. நான்கு கண்ணாடியையும் இறக்கி ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் அந்த அனல் காசில்லாமல் வெளியே போய்விடும். பிறகு ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டால் அதற்குப் பாதி வேலைதான் மிச்சம். உள்ளே ஓரளவு குளிர்ந்ததும் உட்காற்றையே சுழலவிடும் ரீசர்க்குலேஷன் பொத்தானை அழுத்தலாம். குளிர்ந்த காற்றையே மறுபடி குளிர்விப்பது சுலபம். நீண்ட பயணத்தில் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஐந்து பேர் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து ஓட்டுநருக்குக் கண் சொக்கும்.

வெயிலை உள்ளே விடாமலே தடுக்கலாமே என்று ஒட்டப்பட்ட கறுப்பு ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தடுத்துவிட்டது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கவாட்டில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி. காரின் நிறம் மட்டும் இன்னும் அவரவர் விருப்பம். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வெள்ளி நிறக் காரின் உட்புறம், கறுப்புக் காரைவிட ஐந்தாறு டிகிரி குறைவாக இருந்ததை 2011-ல் பெர்க்லி ஆய்வகம் காட்டியது. கறுப்புக் காருக்கு ஆசைப்படும் கரிசல்காட்டு மாப்பிள்ளைகள் ஒருமுறை யோசிக்கலாம்.

ஏசி வசதி ஒன்றும் இப்படிப் பொத்தானில் அடங்கிப் பிறந்ததல்ல. 1939-ல் அமெரிக்காவின் பேக்கர்டு நிறுவனம் அறிமுகம் செய்த முதல் ஏசி காரில் குளிரை நிறுத்த வழியே கிடையாது. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, கம்ப்ரஸர் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.

இன்று பொத்தான் கையருகே இருந்தும் அதைத் தொடத் தயங்குகிறவர்கள், ஓட்டிப் பிழைக்கிறவர்கள். 2024 ஏப்ரலில் ஹைதராபாத் செயலி டாக்ஸி ஓட்டுநர்கள், கிடைக்கும் கிலோமீட்டர் கட்டணத்தில் ஏசி போட்டால் கட்டுபடியாகாது என்று ஏசி போட மறுக்கும் இயக்கமே நடத்தினார்கள். பயணிக்கு அது ஒரு மணி நேரச் சங்கடம். ஓட்டுநருக்குப் பகல் முழுவதும். அந்த வெயில் வெறும் சங்கடமும் அல்ல: அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

லாரிக்காரர்களுக்கு இந்தத் தேர்வே நெடுங்காலம் இருந்ததில்லை. எஞ்சின் சூடு ஒரு பக்கம், கண்ணாடி வழியே அனல் ஒரு பக்கம், கழுத்தில் ஈரத்துண்டு. 2025 முதல் புதிதாகத் தயாரிக்கும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. தாமதமானாலும் சரியான விதி. களைத்த ஓட்டுநரின் கண் ஒரு நொடி மூடினால் அதன் விலை பெட்ரோல் கணக்கில் வராது. ஆனால் விதி பொருந்துவது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய சரக்கு வண்டிகளுக்கு மட்டும். ஏற்கெனவே ஓடுகிற லாரிகளுக்கு இல்லை, எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற பஸ் டிரைவருக்கு இல்லை, திருச்சுழிச் சந்துகளில் ஆட்டையும் மிளகாய் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு அலைகிற ‘குட்டியானை’ மினி லாரிக்கும் இல்லை.