நடையில் தெரியும் நரம்பு

பத்தாம் வகுப்பு அறிவியலில் 31 இணை தண்டுவட நரம்புகள் உள்ளன என்று கற்பிக்கிறோம். பெரும்பாலும் அது ஒரு மதிப்பெண் வினாவாகவே முடிந்துவிடுகிறது. அந்த நரம்புகள் காலில் எவ்வழியே செல்கின்றன, எங்கே அடிபட்டால் எந்த வேலை நின்றுபோகும் என்று அறிந்தால் பாடம் உயிர்பெறும். வகுப்பில் ஒரு குழந்தையின் நடை மாறினால் அதுவும் நம் கண்ணில் படும்.

மூன்று முக்கிய நரம்புகள்

முன்தொடையில் இறங்குவது தொடை நரம்பு. முழங்காலை நீட்டும் தசைகளை இயக்குவது இதுவே. முழங்கால் சில்லுக்குக் கீழே தட்டினால் கால் உதைக்கிறதே, அந்த அனிச்சைச் செயலின் செய்தி இதன் வழியே போய் வருகிறது. இது பாதிக்கப்பட்டால் படியேறும்போது முழங்கால் மடங்கிவிடும்.

பின்தொடையில் இறங்கும் சயாட்டிக் நரம்பே உடலில் மிகத் தடித்த நரம்பு. இது பிட்டத்தின் வழியே செல்வதால்தான், அங்கு ஊசி போடும்போது மேல் வெளிப்புறத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசியைத் தொடையில் போடுவதற்கும் இது ஒரு காரணம்.

முழங்காலுக்குச் சற்று மேலே சயாட்டிக் நரம்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையான டிபியல் நரம்பு கெண்டைக்காலுக்கும் உள்ளங்காலுக்கும் செல்கிறது. நுனிக்காலில் நிற்பதும், உள்ளங்காலில் முள் குத்தியதை உணர்வதும் இதனால்தான். மற்றொரு கிளையான பெரோனியல் நரம்பு பாதத்தை மேல்நோக்கித் தூக்க உதவுகிறது.

எளிதில் அடிபடும் இடம்

முழங்காலின் வெளிப்புறத்தில் சற்றுக் கீழே தடவினால் ஓர் எலும்பு முடிச்சு தட்டுப்படும். அதையொட்டிப் பெரோனியல் நரம்பு தோலுக்கு மிக அருகில் வளைந்து செல்கிறது. அங்கே அடிபடுதல், எலும்பு முறிதல், மாவுக்கட்டு இறுகுதல், நெடுநேரம் குந்தி உட்கார்தல் ஆகியவை இந்நரம்பைப் பாதிக்கலாம். அப்போது பாதத்தைத் தூக்க முடியாது, அது தொங்கும். குழந்தை முழங்காலை உயரத் தூக்கி வைத்து நடக்கும், தரையில் விரல் இடறும், செருப்பு கழன்று விழும்.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கால் மரத்துப்போவது வேறு. எழுந்து நடந்தால் சில நிமிடங்களில் அது சரியாகிவிடும்.

தொழுநோயும் இதே பெரோனியல், டிபியல் நரம்புகளைத் தாக்கக்கூடியது. டிபியல் நரம்பு கெட்டால் உள்ளங்காலில் உணர்ச்சி இராது. கல்லோ ஆணியோ குத்தினாலும் வலிக்காததால் புண் ஆழமாகிவிடும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் இலவசக் கூட்டு மருந்தால் நோயைக் குணப்படுத்தலாம், ஊனத்தையும் தடுக்கலாம்.

வகுப்பறையில் செய்து பார்க்கலாம்

மாணவர்களைக் குதிகாலால் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். அது பெரோனியல் நரம்பின் வேலை. பிறகு நுனிக்காலால் நடக்கட்டும். அது டிபியல் நரம்பின் வேலை. மேசை மேல் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தால் முழங்கால் அனிச்சைச் செயலையும் காட்டலாம்.

ஒரு கணக்கும் தரலாம். அறுபட்ட நரம்பிழை மீண்டும் வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அப்படியானால் 30 சென்டிமீட்டர் வளர எத்தனை நாள்? 300 நாள், அதாவது சுமார் பத்து மாதம். நரம்புக் காயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை மாணவர்கள் இந்தக் கணக்கிலேயே உணர்வார்கள்.

ஆசிரியர் செய்ய வேண்டியது

“காலைத் தேய்த்து நடக்காதே” என்று கண்டிப்பதற்கு முன் அந்தக் காலைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் இழுபடுகிறதா, செருப்பு அடிக்கடி நழுவுகிறதா, வலிக்காத புண் இருக்கிறதா, தோலில் உணர்ச்சியற்ற தேமல் உள்ளதா என்று கவனியுங்கள். ஐயம் இருந்தால் பெற்றோரிடம் தனியாகப் பேசி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். மற்ற மாணவர்கள் முன்னிலையில் நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம். நோயை உறுதிசெய்வது மருத்துவரின் வேலை.

15 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கால் திடீரெனத் தளர்ந்துபோனால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. போலியோ கண்காணிப்புக்காக அதை உடனே சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்ற பிறகும் இந்தக் கண்காணிப்பு தொடர்கிறது.

குழந்தையின் நடையை நாள்தோறும் பார்ப்பவர்கள் நாம். மாற்றத்தை முதலில் காணும் வாய்ப்பும் நமக்கே அதிகம்.